கங்காணி: இந்தப் பதவிப் பெயருக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

கேள்வி: தேயிலைக்காடு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் இந்தியாவும் சிலோனும் செய்துகொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970களில் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து நீலகிரியிலேயே தங்கிவிட்டோம். ஊரில் இன்றைக்கும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள்.

அம்மா வழியைக் 'கங்காணி வீடு' என்பார்கள். அம்மாவின் தாத்தா சிலோனில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணியாக, அதாவது வேலையாட்களுக்குத் தலைவராக இருந்தவர். கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப்பூண் போட்ட தடியுமாக அவர் நிற்கும் படம் ஒன்று மாமா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை.

அப்பா வழியில் நிலைமை வேறு. எங்கள் அப்பாயிக்கு அந்தச் சொல்லே ஆகாது. கொடுத்த கடனைக் கேட்டு யாராவது வாசலில் வந்து நின்றால் "கங்காணி வந்துட்டான்" என்பார். "எங்க ஐயாவைத் துண்டுல வித்துட்டானுங்க" என்று அடிக்கடி சொல்வார். துண்டு என்றால் என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

என் அண்ணன், 'கேங்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான் கங்காணி என்கிறான். இன்னொரு உறவினர், காணி நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த பட்டம் என்கிறார். எது சரி? இது சாதிப் பெயரா, வேலைப் பெயரா? வெள்ளைக்காரன் வைத்த பெயரா, அதற்கு முன்பே இருந்ததா? அந்தத் துண்டு என்பது என்ன? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: தஞ்சைக்கல்

வெள்ளைக்காரன் வைத்த பெயர் இல்லை அம்மா. 'கேங்' என்ற சொல்லோடும் காணி நிலத்தோடும் இதற்குத் தொடர்பு கிடையாது. சுத்தமான தமிழ்ச் சொல், பழைய சொல்லும்கூட.

கண்காணி என்பதுதான் மூலம். கண்ணால் காண்பவர், அதாவது கூட இருந்து பார்த்துக்கொள்பவர். வழியைக் காட்டுபவர் வழிகாட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. இவற்றின் கடைசியில் வரும் அதே 'இ' தான் இங்கும் வருகிறது. வெண்கலத்தை நாம் வெங்கலம் என்று சொல்வதுபோல, பேச்சில் கண்காணி கங்காணி ஆகிவிட்டது. எழுத்து வழக்கில் 'கண்காணிக்கிறோம்', 'கண்காணிப்பாளர்' என்று வினையும் அதிகாரியும் பழைய வடிவத்திலேயே நிற்க, தோட்டத்து மனிதர் மட்டும் பேச்சு வடிவத்தில் நின்றுவிட்டார்.

எவ்வளவு பழையது என்பதற்குத் திருமந்திரமே சாட்சி. "கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்" என்று தொடங்குகிறது ஒரு பாட்டு. பார்க்க ஆளில்லை என்று நினைத்துத் தப்புச் செய்கிறார்கள், பார்ப்பவன் இல்லாத இடமே இல்லை என்கிறார் திருமூலர். அங்கே கண்காணி என்பது இறைவன்.

கோயில் கல்வெட்டுகளில் இந்தச் சொல் நிர்வாகச் சொல்லாகவே வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஸ்ரீகாரியம் செய்வாரையும், 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' என்பவர்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். வைணவக் கோயில்களில் 'ஸ்ரீவைஷ்ணவக் கண்காணி செய்வார்'. கோயிலை நடத்துபவர் ஒருவர். அவர் ஒழுங்காக நடத்துகிறாரா, விளக்குக்கு விட்ட கொடை விளக்குக்குத்தான் போகிறதா என்று அடியார் சார்பில் பார்ப்பவர் இன்னொருவர். 'கண்காணி செய்வார்' என்ற சொற்சேர்க்கையைக் கவனியுங்கள். அது பிறப்பால் வந்த பெயர் இல்லை, செய்கிற வேலை. உங்கள் சாதிக் கேள்விக்கு அதுவே பதில்.

இலங்கைத் தோட்டங்களில் பிறகு என்ன ஆனது என்பதை அங்கே பிறந்தவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். நான் கல்வெட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதில்: மஸ்கெலியா வாத்தியார்

தஞ்சைக்கல் ஐயா சொன்ன சொற்பொருளில் எனக்கு மறுப்பே இல்லை. மிச்சத்தை நான் சொல்கிறேன். நான் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா சில்லறைக் கங்காணி. ஆகவே இந்தச் சொல்லை நான் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டு வளர்ந்தவன்.

முதலில் ஒன்று. கோப்பித் தோட்டம் வருவதற்கு முன்பே கங்காணி இலங்கையில் இருந்தார். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கரையோர நாட்டில் லஸ்கரின் என்ற உள்ளூர்ப் படையாட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே முதலியார், முகாந்திரம், ஆராச்சி என்று வரிசையாகப் பதவிகள். அந்த வரிசையில் ஆராச்சிக்குக் கீழே நின்றவர் கங்காணி. சிங்களத்தில் அது 'கங்கானம்' ஆயிற்று. இன்றைக்கும் சிங்களவர் பலரின் வம்சப் பெயர் 'கங்கானம்கே' என்று இருக்கும், கங்காணி வீட்டார் என்று பொருள். மகளே, உங்கள் அம்மா வழியைக் 'கங்காணி வீடு' என்கிறார்கள் அல்லவா, அதையே சிங்களத்தில் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தோட்டத்தோடு அவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி தோட்டத்துக் கதை. 1830களில் கண்டிச் சீமையில் கோப்பி பெருகியபோது ஆள் தேவைப்பட்டது அறுவடைக் காலத்தில்தான். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தவர்தான் கங்காணி. அதே ஊர்க்காரர், பல நேரம் உறவுக்காரர். அவரை நம்பித்தான் ஒரு தாய் தன் மகனை அனுப்பினாள். துரைக்குத் தமிழ் தெரியாது, ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கட்டளைத் தமிழ் கற்றுக்கொடுக்கும் சிறு கைநூல்கள் துரைமாருக்கென்றே அச்சிடப்பட்டன என்றாலும், நடுவில் நின்று பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதுவும் கங்காணிதான்.

பிறகு 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் கோப்பியே அழிந்து தேயிலை வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலை போட்டிருந்தார். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்ட வேண்டும், புல் வெட்ட வேண்டும். வந்து போகிற ஆள் போதாது, குடும்பத்தோடு தங்குகிற ஆள் வேண்டும். லயங்கள் பெருகியது அப்போதுதான். கங்காணியும் அப்போதுதான் மாறினார். வழித்துணையாக வந்தவர், நூற்றுக்கணக்கான ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி ஆனார். அவருக்குக் கீழே இருபது முப்பது பேரைப் பார்த்துக்கொள்ளச் சில்லறைக் கங்காணிகள்.

இப்போது அப்பாயி பேச மறுக்கும் இடத்துக்கு வருகிறேன்.

தோட்டம், ஆள் கூட்டி வரச் சொல்லிப் பெரிய கங்காணி கையில் முன்பணம் கொடுக்கும். அவர் ஊருக்குப் போய், பஞ்சத்தில் இருப்பவனின் பழைய கடனை அடைப்பார், வழிச் செலவுக்குக் கொடுப்பார், சோறு வாங்கிக் கொடுப்பார். அத்தனையும் அந்த ஆளின் பெயரில் கடனாக ஏறும். கணக்கு எழுதுவது கங்காணி, படிக்கத் தெரியாதது ஆள். ஒரு காலத்தில் கூலியே கங்காணி கை வழியாகத்தான் வந்தது. அவர் தன் பிடித்தம் போக மிச்சத்தைக் கொடுப்பார். அதற்கு மேல், பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) வந்து வேலைக்குப் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு இத்தனை சதம் என்று தோட்டம் கங்காணிக்குத் தனியாகக் கொடுத்தது. அதன் பெயர் தலைக்காசு. காய்ச்சலில் படுத்திருந்தவனைக் கங்காணி ஏன் லயத்திலிருந்து இழுத்து வந்தார் என்பதற்கு அந்தத் தலைக்காசுதான் காரணம். ஆள் படுத்தால் கங்காணிக்குக் காசு இல்லை.

துண்டு என்பது இந்தக் கடனிலிருந்து பிறந்தது. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துரையிடம் ஒரு துண்டுச் சீட்டு கேட்பார். 'இந்தக் கங்காணியும் இவனுடைய ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். அதைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம்' என்பது அந்தச் சீட்டின் சாரம். துரைமார் தங்கள் இங்கிலீஷ் கடிதங்களிலும் 'துண்டு' என்றே எழுதினார்கள். ஆள் பற்றாக்குறை இருந்த காலம், ஆகவே சீட்டோடு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். புதுத் தோட்டம் பழைய கடனைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். மிச்சம் கங்காணி மடியில் விழும், ஆனால் கடன் முழுவதும் ஆட்கள் கணக்கில் எழுதப்படும். ஒருமுறை தோட்டம் மாறினால் கடன் ஒருமுறை ஏறும். கங்காணி மாறச் சொன்னால் ஆள் மாற வேண்டும். "வித்துட்டானுங்க" என்று அப்பாயி சொல்வது கோபத்தில் கூட்டிச் சொன்ன வார்த்தை இல்லை. நடந்ததை அப்படியே சொல்கிறார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிஜித் தீவுக்கும் போனவர்களுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் இருந்தது. இலங்கைக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி ஒப்பந்தம் இல்லை. அதனால் இவர்கள் சுதந்திரமான கூலிகள் என்று அன்றைய அரசாங்கம் எழுதிக்கொண்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஐந்து வருட ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. கடனுக்கு அது இல்லை, தகப்பன் செத்தால் மகன் பெயரில் எழுதப்பட்டது.

சாதியைப் பற்றிக் கேட்டீர்கள். பதவி சாதி இல்லை என்பது சரி. ஆனால் சாதி இல்லாமல் அந்தப் பதவி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கங்காணிகளில் அநேகர் ஊரில் நிலபுலம் உள்ள சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆட்களில் பெரும்பகுதி ஊரில் சேரியில் இருந்தவர்கள். யாருக்கு எந்த லயம் என்பதில்கூட அது தெரிந்தது. ஊரில் இருந்த பயம் கடல் தாண்டியும் கூடவே வந்தது, துரை அதைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்: தேயிலைக்காடு

வாத்தியார் ஐயா, தஞ்சைக்கல் ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துண்டு பற்றி எழுதியதை அப்பாயிக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை. எப்படிக் காட்டுவது என்று யோசிக்கிறேன்.

ஒரு சந்தேகம். அம்மாவின் தாத்தா தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கட்டினார், கல்யாணம் கருமாதிக்கெல்லாம் முன்னால் நின்றார், சண்டை வந்தால் தீர்த்துவைத்தார் என்று மாமா சொல்வார். அதெல்லாம் பொய்யா? இந்த முறை எப்போது, எப்படி முடிந்தது?

பதில்: ரப்பர்மரம் (கெடா, மலேசியா)

நடுவில் மலாயா பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் கங்காணி உண்டு, ஆனால் நடைமுறை கொஞ்சம் வேறு.

எங்கள் பக்கத்தில் முதலில் கரும்புக்கும் கோப்பிக்கும் ஒப்பந்த ஆட்கள்தான் வந்தார்கள். ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ரப்பர் பெருகிய காலத்தில் கங்காணிதான் முக்கிய வழி ஆனார். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு லைசென்ஸ் கொடுத்து அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார்கள். அவர் சொந்தபந்தம், தெரிந்தவர் என்று ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டி வருவார். இலங்கையைப்போல நூற்றுக்கணக்கான ஆட்களைக் கையில் வைத்திருந்த கங்காணிகள் இங்கே குறைவு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகள் எல்லோரும் அதில் பணம் கட்ட வேண்டும், அதிலிருந்து கப்பல் செலவு போகும். அதனால் வழிச் செலவு ஆளின் தலையில் கடனாக விழவில்லை. ஆனால் கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு கமிஷனும், வேலைக்கு வரும் நாளுக்குத் தலைக்காசும் இங்கேயும் இருந்தன.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் இறக்கி நோய்த் தடுப்பு முகாமில் வைத்த பிறகுதான் தோட்டத்துக்கு விட்டார்கள். அவரை அழைத்து வந்த கங்காணியை அவர் கடைசிவரை 'மாமா' என்றுதான் சொன்னார். பயமும் பாசமும் கலந்தே அந்த உறவு இருந்தது என்பது என் எண்ணம்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் ஆள் சேர்ப்பவரைக் கங்காணி என்றாலும், வெளிக்காட்டு வேலையைப் பார்ப்பவரை 'தண்டல்' என்றும் 'மண்டோர்' என்றும் சொல்வோம். தண்டல் கப்பல் வேலையிலிருந்து வந்த சொல், தோணியில் ஆட்களுக்குத் தலைவன். மண்டோர் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து மலாய் வழியாக வந்தது, ஏவுபவன் என்று பொருள். ஆபீஸ் கணக்கைப் பார்ப்பவர் கிராணி. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததும் கங்காணி லைசென்ஸுக்கு வேலை இல்லாமல் போனது. தண்டலும் மண்டோரும் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார்கள்.

பதில்: கட்டடக்காரன் (திருப்பூர்)

ரப்பர்மரம் சொன்ன போர்த்துக்கீச விஷயத்தோடு ஒட்டி ஒன்று. எங்கள் தொழிலில் மேஸ்திரி என்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசச் சொல்தான். கைதேர்ந்தவர், தலைமை வேலைக்காரர் என்று பொருள். பர்மாவுக்கு ஆள் கொண்டுபோன முறையை 'மேஸ்திரி முறை' என்றே சொல்லியிருக்கிறார்கள். நேட்டால், மொரீசியஸ் தோட்டங்களில் அதே வேலைக்கு 'சர்தார்', அது பாரசீகம். இவற்றுக்கு நடுவே தமிழர்களின் சொந்தச் சொல்லாக வெளிநாடு வரைக்கும் போனது கங்காணி ஒன்றுதான் என்று நினைக்கிறேன், வாத்தியார் திருத்தலாம்.

ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, அதைக் கூலியில் பிடிக்கும் வேலை இன்றைக்கும் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் நடக்கிறது. பெயர் மட்டும் ஏஜென்ட், மேஸ்திரி. எங்கள் வேலைக்கு வடக்கிலிருந்து வரும் பையன்களும் ஒருவனை நம்பித்தான் ரயில் ஏறுகிறார்கள். அவனும் அவர்கள் ஊர்க்காரனாகவே இருக்கிறான்.

பதில்: மஸ்கெலியா வாத்தியார்

தம்பி கட்டடக்காரன், சொந்தச் சொல் கங்காணி மட்டும் இல்லை. கணக்கப்பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி திரித்துத் திரித்து எழுதிவைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் கங்காணிக்கு மேலே, துரைக்குக் கீழே நின்றவர் அவர்.

மகளே, உங்கள் மாமா சொல்வது பொய் இல்லை. தோட்டத்தில் கோயில் என்று ஒன்று எழுந்தால் அதற்கு முதல் கையெழுத்து பெரும்பாலும் பெரிய கங்காணியுடையதுதான். திருவிழாவுக்கு நாள் குறிப்பவர், காமன் கூத்துக்கு அனுமதி வாங்கித் தருபவர், பெண் கேட்டுப் போகும்போது முன்னால் நடப்பவர் எல்லாம் அவரே. துரையிடம் போய் "இந்தக் குடும்பத்துக்கு அரிசி கொடுங்கள்" என்று கேட்கும் துணிவும் அவருக்கு மட்டும்தான் இருந்தது. நல்ல கங்காணிகளைப் பற்றி எங்கள் பாட்டிமார் பாடிய பாட்டுகளும் உண்டு. ஆனால் அந்தக் கோயிலுக்கான வரியும் ஆட்களின் கணக்கில்தான் எழுதப்பட்டது. கோயில் கட்டியவரும் கடன் எழுதியவரும் ஒரே ஆள் என்பதுதான் அந்த மக்களின் கஷ்டம். யாரிடம் போய்ச் சொல்வார்கள்? முறையிட வேண்டிய இடத்திலும் அவரே உட்கார்ந்திருந்தார்.

தஞ்சைக்கல் ஐயா எழுதிய கோயில் கண்காணியை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அங்கே நடத்துபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். தோட்டத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஆள் பிடிப்பவர், கடன் கொடுப்பவர், வேலை வாங்குபவர், கூலி பிரிப்பவர், வழக்குத் தீர்ப்பவர் எல்லாம் ஒருவரே. இவரைப் பார்க்க ஒரு கண் இல்லை. மேற்பார்வை என்ற வேலையில் தப்பு ஒன்றும் இல்லை, என் அப்பாவும் அதைத்தான் செய்தார். கடன் ஏட்டை அவர் கையில் கொடுத்ததுதான் அந்தப் பெயரைக் கெடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

எப்படி முடிந்தது என்று கேட்டீர்கள். ஒரே நாளில் முடியவில்லை. 1904இல் தோட்ட முதலாளிகளே திருச்சியில் ஒரு தொழிலாளர் ஆணைக்குழு அலுவலகத்தைத் திறந்தார்கள். கங்காணி தனியாக ஆள் பிடிப்பது அதன் வழியாக ஓரளவு கட்டுக்குள் வந்தது. 1921இல் துண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்து, அதன்பின் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் உட்கார்ந்தார். லயத்திலிருந்து போய் முறையிட, கங்காணியைத் தாண்டி ஒரு கதவு திறந்தது அப்போதுதான். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களைச் சேர்த்தார். பெரிய கங்காணிமாருக்கு இந்தத் தம்பதியைக் கண்டாலே ஆகாது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் அனுப்புவதையே தடுத்தபோது, ஆள் பிடிக்கும் கங்காணியின் காலம் முடிந்தது.

இதில் ஒரு விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற சங்கத்தை நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையாவும் கங்காணியாக இருந்தவர்தான், வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். கங்காணி வீட்டிலிருந்தே தொழிலாளர் தலைவரும் வந்தார். ஆகவே அம்மா வழிப் பெருமையையோ அப்பாயி வழிக் கோபத்தையோ நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அப்பாயியின் கணக்கைத்தான் முதலில் எழுதிவைக்கச் சொல்வேன். மாமா வீட்டில் படம் இருக்கிறது, அப்பாயியின் ஐயாவுக்குப் படம் இருக்காது.

கங்காணி இன்றைக்கும் தோட்டத்தில் இருக்கிறார். ஆள் பிடிக்க மாட்டார், கடன் கொடுக்க மாட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார், எந்த மலையில் யார் நிரை (தேயிலை வரிசை) பிடிப்பது என்று சொல்வார், கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பார். முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா என்பதில் அவர் வார்த்தைக்கு இன்னும் எடை உண்டு. என் அப்பா காலத்தில் அதில்தான் தினமும் சண்டை. மழைநாளில் கொழுந்து குறைந்தவர்களுக்கும் முழுப் பேர் போடச் சொல்லி அவர் கணக்கப்பிள்ளையிடம் வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். போடாமல் விட்ட நாட்களும் இருந்தன. அந்த வீடுகளில் அடுத்த நாள் என்னோடு படித்த பிள்ளைகள் என்னிடம் பேசமாட்டார்கள்.

அப்பாயி பேசுகிற நிலையில் இருந்தால் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய ஐயா எந்த ஊரிலிருந்து போனார், முதலில் எந்தத் தோட்டம், துண்டில் மாறியது எந்தத் தோட்டத்துக்கு. தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயரைச் சொல்லட்டும். மஸ்கெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பெயர்களை என்னால் அடையாளம் சொல்ல முடியும். இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.